ரொட்டி பையில் இருக்கிறது, தம்பி சாப்பிடுவதில்லை: தரம் 6 பிள்ளைக்குச் சாப்பாட்டு உதவி கிடைக்குமா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். தம்பி ஐந்தாம் வகுப்பு வரை தோட்டத்துப் பாடசாலையில் படித்தானாம், அங்கே காலையில் சாப்பாடு கொடுத்தார்களாம். இந்த வருடம் தரம் 6க்கு டவுன் பாடசாலைக்குப் போகிறான், அங்கே அப்படி ஒன்றும் இல்லை. அம்மா விடியற்காலையில் இரண்டு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார், கிழமையில் பாதி நாள் அந்த ரொட்டி அப்படியே திரும்பி வருகிறது. பகல் சாப்பாட்டுக்கு அரசாங்கம் ஏதும் காசு தருமா, யாரிடம் கேட்பது, தோட்டப் பாடசாலையிலேயே அவனுக்கும் ஒரு பங்கு வாங்க முடியாதா, மாதம் மூவாயிரம் ரூபா கன்டீனுக்கென்று அனுப்பினால் போதுமா என்பதுதான் கேள்வி.

மகள், நீங்கள் காசைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த "அப்படியே திரும்பி வருகிறது" என்ற இடம்தான். பையில் ஒன்றும் இல்லாத பிள்ளையும் பையைத் திறக்காத பிள்ளையும் ஒரே பசியோடுதான் வீட்டுக்கு வரும். முதல் பிள்ளைக்குக் காசு போதும். உங்கள் தம்பி இரண்டாவது ரகம் என்றே எனக்குப் படுகிறது. அவனுக்குக் காசு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நான் 33 வருடம் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராகவும் பிறகு அதிபராகவும் இருந்து சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். கடைசி ஒன்பது வருடம் போசாக்கு உணவுக் கோப்பு என் மேசையில்தான் கிடந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை, உங்கள் தம்பியைப் பார்த்ததும் இல்லை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. கல்வி அமைச்சின் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவுக்கு உரியது, அதாவது தரம் 1 முதல் 5 வரை. முன்பு அது எல்லாப் பாடசாலைக்கும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் குறைந்த, வசதி குறைந்த பாடசாலைகளைப் பார்த்துக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் நாடு முழுவதும் எல்லா ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் விரித்தார்கள், ஏறக்குறைய 16 இலட்சம் பிள்ளைகள். அப்போது ஒரு பிள்ளையின் ஒரு வேளைக்கு 110 ரூபா என்று கணக்கு வைத்தார்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பிள்ளை பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். எவ்வளவு ஏழை, எவ்வளவு தூரம் நடந்து வருகிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் இந்தத் திட்டம் பார்ப்பதில்லை, வகுப்பைத்தான் பார்க்கிறது. ஆகவே டவுன் பாடசாலை அதிபர் உங்கள் தம்பியை ஒதுக்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கொடுப்பதற்கு அவர் கையில் அந்தப் பெயரில் ஒரு சதமும் வருவதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் கூட்டங்களில் இதை என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை மதியம் சாப்பாடு போடுகிறார்களே, போனில் பார்த்தோமே, இங்கே ஏன் இல்லை என்பார்கள். அங்கே காமராஜர் காலத்தில் 1956இல் பகலுணவு தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கி, 1984இல் பெரிய பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். அது வேறு நாடு, வேறு திட்டம். எங்கள் நாட்டிலும் 1989இல் பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது பகலுணவுக்கென்று பிள்ளைக்கு நாளுக்கு மூன்று ரூபாப்படி முத்திரை கொடுத்தார்கள், அதைப் பிறகு நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, எங்கள் பாடசாலைகளில் பகல் சாப்பாட்டு நேரம் என்றே ஒன்று கிடையாது. ஏழரைக்கு மணி அடித்தால் ஒன்றரைக்கு விடுகிறோம். நடுவில் பத்தரை வாக்கில் ஒரு சின்ன இடைவேளை. நீங்கள் பகல் சாப்பாடு என்று சொல்வது உண்மையில் அந்த இருபது நிமிடத்தைத்தான். தம்பி ஐந்தரைக்கு எழும்பி, ஆறரைக்குப் புறப்பட்டு, பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வர மூன்று மணி ஆகும் என்றால், அந்த இருபது நிமிடத்தில் பெட்டியைத் திறக்காத நாளில் அவன் ஒன்பது மணித்தியாலம் வெறும் தேத்தண்ணியில் ஓடுகிறான்.

மலைநாட்டில் இந்த ஆறாம் வகுப்பு என்பது ஒரு பள்ளம். வேறு இடங்களில் பிள்ளை தரம் 5 முடித்தால் பெரும்பாலும் அதே பாடசாலையின் அடுத்த கட்டிடத்துக்குப் போகும். தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் தோட்ட நிர்வாகங்களிடமிருந்து பொறுப்பேற்றது. பொறுப்பேற்ற பிறகும் அவற்றில் பல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டன. பிள்ளை பத்துப் பதினொரு வயதில், எலும்பு நீளும் நேரத்தில், தோட்டத்தை விட்டு வெளியே போகிறது. பாடசாலை தூரமாகிறது, பஸ் காசு கூடுகிறது, காலைச் சாப்பாடு நிற்கிறது. மூன்றும் ஒரே ஜனவரியில். 2016 சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 வீதம், தோட்டப் பகுதியில் 31.7 வீதம். அது சின்னப் பிள்ளைகளின் கணக்கு, உங்கள் தம்பி வயதுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் அந்த 2016இல் மூன்று நான்கு வயதில் அளக்கப்பட்ட பிள்ளைகள்தான் பிறகு ஆறாம் ஏழாம் வகுப்பில் என் முன்னால் வந்து நின்றார்கள். முன் வாங்கில் உட்காரவைக்க வேண்டிய உயரத்தில் பாதி வகுப்பு இருக்கும்.

தோட்டப் பாடசாலையில் கொடுத்தார்களே, அங்கேயே கேட்டுத் தம்பிக்கும் ஒரு பங்கு வாங்க முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லலாம். ஆனால் அது உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே காரணம் புரியும். சமைப்பது பெரும்பாலும் அதே தோட்டத்துத் தாய்மார்தான். கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டு, சுகாதாரப் பரிசோதகர் வந்து அடுப்படியைப் பார்த்த பிறகு எடுப்பார்கள். அந்த 110 ரூபாவில் அரிசி, பருப்பு, கீரைச் சுண்டல், முட்டை அல்லது மீன் அல்லது சோயா, விறகு, தூக்குக்கூலி, அவரது உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். முட்டை நாற்பது ரூபா விற்கும் நாளில் மீதி எழுபதுக்குள் சோறும் கறியும். அதுவாவது பரவாயில்லை. 2022க்கு முன் இந்தத் தொகை 30 ரூபாவாக இருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுச் சாமான் விலை ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் ஏறியபோது, எங்கள் பாடசாலையில் சமைத்த அக்கா ஒரு நாள் காலையில் வெறும் பானையோடு வந்து நின்றார். கடையில் கடன் தரமாட்டோம் என்றுவிட்டார்களாம். காசு வருவதும் மாதத்துக்கு மாதம் அல்ல. இரண்டு மாதம், சில நேரம் மூன்று மாதம் பிந்தும். அதுவரை அவர் தன் சங்கிலியை அடகு வைத்துச் சமைப்பார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய வவுச்சர் எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடிக்கொண்டு எத்தனையோ நாள் அலைந்திருக்கிறேன். உலக உணவுத் திட்டம் சில இடங்களில் இப்படிச் சமைக்கும் பெண்களுக்குக் கோழிக்குஞ்சும் மரக்கறி விதையும் கொடுத்தது. முட்டையும் கீரையும் வீட்டிலேயே வந்தால் இந்தக் கயிற்றில் நடப்பது கொஞ்சம் இலகுவாகும் என்பதுதான் யோசனை, அது நல்ல யோசனை. எப்படியோ, இவ்வளவு இறுக்கமான கணக்கில் வெளிப் பிள்ளை ஒன்றுக்குப் பங்கு கேட்டால் அது சமைப்பவரின் சட்டைப்பையில் கைவைப்பது போல.

ஆனாலும் பங்கு போகத்தான் செய்யும். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை முட்டை நாளில் பாதி முட்டையைச் சாப்பிட்டுவிட்டு மீதிப் பாதியை லஞ்ச் சீட்டில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வாள். கேட்டால் அண்ணனுக்கு என்பாள். அண்ணன் அப்போது எட்டாம் வகுப்பு. விதிப்படி பிள்ளை அங்கேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். நீங்கள் யாரும் இதைப் பெரிதாக்க வேண்டாம், நான்தான் ஓய்வு பெற்றுவிட்டேனே.

சரி, காசு. சாப்பாட்டுக்கென்று தனியாக இல்லாவிட்டாலும் குடும்பத்துக்கு வரக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது, அது அஸ்வெசும. 2023இல் பழைய நிவாரணத் திட்டமான சமுர்த்திக்குப் பதிலாகத் தொடங்கியது. அப்போது நான்கு படி வைத்தார்கள், மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 என்று. கடைசி இரண்டு படியை 2025 ஜனவரியிலிருந்து 10,000 என்றும் 17,500 என்றும் கூட்டினார்கள். அந்தப் பட்டியலில் உள்ள வீடுகளின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2025 தொடக்கத்தில் கொப்பி வாங்க ஆளுக்கு 6,000 ரூபாவும் கிடைத்தது. உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அம்மா முதலில் கேட்க வேண்டியது அதிபரிடம் அல்ல, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும்தான். தோட்டத்தில் பல குடும்பங்கள் விடுபட்டதற்கு நான் கண்ட காரணம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு லயன் காம்பராவில், அதாவது வரிசை வீட்டின் ஓர் அறையில், தாத்தா குடும்பம், மாமா குடும்பம், உங்கள் குடும்பம் என்று மூன்று இருக்கும். கணக்கெடுக்க வந்தவர் ஒரு கதவைத் தட்டி, ஒரு அடுப்பைப் பார்த்து, ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டுப் போவார். மூன்று பேரின் சம்பளமும் ஒரே படிவத்தில் ஏறிவிடும். உங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருந்தால், தனி அடுப்பு, தனிக் குடும்பம் என்று எழுத்தில் கொடுத்து மேன்முறையீடு செய்யலாம். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவருக்குக் கிடைக்காது என்று யாராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால் அதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது, உண்மைதான். ஆனால் மாதம் எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) விழுகிறது, கொழுந்து குறைந்து எத்தனை அரைப் பேர் என்பது செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருக்கிறது. மேன்முறையீட்டோடு அந்தச் சம்பளத் துண்டின் பிரதியையும் வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தம்பி வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்திருந்து, வீட்டு வருமானமும் குறைவாக இருந்தால் மாதாந்த உதவித்தொகை உண்டு. 750 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் இதோடு விடுகிறேன்.

இனி டவுன் பாடசாலையில் கேட்பது. இது பாடசாலைக்குப் பாடசாலை மாறும், ஒரே விதி இல்லை. அபிவிருத்திச் சங்கம் உயிரோடு இருக்கும் இடத்தில், பழைய மாணவர்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து ஏதாவது அனுப்பும் இடத்தில், கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். சில இடத்தில் ஆசிரியர்களே தங்கள் கைக்காசில் செய்துகொண்டு வெளியே சொல்லமாட்டார்கள். கேட்டால் தவறில்லை. ஆனால் யாரிடம், எப்படிக் கேட்பது என்பதில் கவனமாக இருங்கள். நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

பல வருடங்களுக்கு முன், நான் பிரதி அதிபராக இருந்த ஒரு பாடசாலையில், ஒரு நலன்விரும்பி மாதம் இருபது பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் காசு தருவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். வகுப்பாசிரியர்களிடம் பெயர்ப் பட்டியல் வாங்கி, திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நானே ஒலிவாங்கியில் வாசித்தேன். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் இடைவேளையில் கன்டீன் பக்கம் வரவும் என்றேன். பதினேழு பேர் வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. அதில் ஒருவன், ஏழாம் வகுப்பு, நன்றாக வாசிக்கிற பையன், செவ்வாயும் வரவில்லை, புதனும் வரவில்லை. வியாழக்கிழமை தோட்டத்துக்குத் தேடிப்போனேன். அவனது அப்பா லயத்து வாசலில் நின்றுகொண்டு, "சேர், நாங்க பிச்சை எடுக்கிறோம்னு மைக்குல சொன்னீங்களாமே" என்றார். சண்டை பிடிக்கிற குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. பையன் ஒரு மாதம் கழித்து வேறு பாடசாலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

பட்டியலை அத்தோடு கிழித்தோம். அடுத்த மாதத்திலிருந்து அதே காசில், கிழமைக்கு இரண்டு நாள், தரம் 6, 7 பிள்ளைகள் எல்லோருக்கும் அவித்த கடலை. ஒரு பிள்ளைக்கு ஐம்பது கிராம் காய்ந்த கடலை, நாற்பது பிள்ளைக்கு இரண்டு கிலோ, முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், காவல்கார அண்ணன் அதைச் செய்தார். வெங்காயம், செத்தல் மிளகாய், கொஞ்சம் தேங்காய். டவுன் கடைக்காரர் பிள்ளையும் அதே கோப்பையில் வாங்கிச் சாப்பிட்டது, லயத்துப் பிள்ளையும் சாப்பிட்டது. இருபது பேருக்கு ஐந்து நாள் கொடுத்திருக்கலாம், எல்லோருக்கும் இரண்டு நாள்தான் கொடுக்க முடிந்தது. காசுக் கணக்கில் பார்த்தால் பசித்தவனுக்குப் போனது குறைவு. ஆனால் பசித்தவன் சாப்பிட்டான். எது சரி என்று ஆசிரியர்களுக்குள்ளேயே வாதம் இருந்தது, இப்போதும் இருக்கும். நான் கடலைப் பக்கம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தம்பியின் ரொட்டி திரும்பி வருவதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இந்தப் பக்கம்தான். தோட்டப் பாடசாலையில் எல்லோரும் ஒரே சோறு, ஒரே தட்டு. டவுனில் பக்கத்துப் பிள்ளை சோறும் கோழியும், இன்னொன்று பட்டர் பூசிய பாண், இவன் கட்டச்சம்பல் வைத்த கோதுமை ரொட்டி. ஒரு நாள் யாரோ ஒருவன் "தோட்டத்து ரொட்டி" என்று சிரித்திருந்தால் போதும், பதினொரு வயதுப் பையன் அந்தப் பெட்டியைப் பிறகு திறக்கமாட்டான். கட்டிடத்துக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். இது என் ஊகம்தான். ரொட்டி காய்ந்து போவதாகவும் இருக்கலாம், பல்வலியாகவும் இருக்கலாம், பஸ்ஸில் வயிற்றைப் பிரட்டுவதாகவும் இருக்கலாம். ஏன் சாப்பிடவில்லை என்று நேரே கேட்டால் பசிக்கவில்லை என்பான். இடைவேளையில் யாரோடு இருப்பாய் என்று கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால் பயமில்லை. பெயர் எதுவும் வராவிட்டால் நான் சொன்னதாகத்தான் இருக்கும்.

கன்டீனுக்கு மாதம் மூவாயிரம் அனுப்ப வேண்டாம் என்பேன். பாடசாலை நாள் இருபது என்றால் நாளுக்கு 150 ரூபா. அதற்கு ஒரு ரோல்ஸும் ஏதாவது இனிப்புத் தண்ணியும் வரும், அதுவும் வரிசையில் பெரிய பையன்கள் தள்ளிவிடாமல் இருந்தால். இடைவேளை முடிந்து ஒரு மணித்தியாலத்தில் மறுபடி பசிக்கும். அந்தக் காசில் பாதியை அம்மா முட்டைக்கும் கடலைக்கும் பருப்புக்கும் போட்டால் தம்பி மட்டுமல்ல, வீடே சாப்பிடும். அதற்காக ரொட்டியை மாற்ற வேண்டும் என்றில்லை. எங்கள் பக்கக் குளிரில் காலை ஐந்து மணிக்குக் கட்டிய சோறு பத்தரைக்கு விறைத்துக் கல்லாகிவிடும், ரொட்டிதான் தாங்கும். எங்கள் ஆட்கள் தலைமுறையாக ரொட்டி கொண்டுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். கோதுமை மாவோடு கொஞ்சம் குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, உள்ளே அவித்த முட்டையைப் பிசைந்து சம்பலோடு வைத்துச் சுருட்டினால் பார்க்க ரோல்ஸ் மாதிரியே இருக்கும். பதினொரு வயதுக்கு அந்தத் தோற்றம் முக்கியம், சிரிக்காதீர்கள். முதல் நாள் இரவே முட்டையை அவித்து வைத்துவிட்டால் அம்மா நான்கு மணிக்கு எழும்ப வேண்டியதில்லை. தம்பிக்கே முட்டை அவிக்கத் தெரியாதா என்ன?

வெறும் சாயத்தண்ணியை ரொட்டியோடு சேர்த்துக் குடிப்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். தேயிலை நம் சோறு என்பது சரி, ஆனால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அந்தத் தொல்லை குறையும். கீரையில், கடலையில் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விட்டால் எதிர்மாறாக அது இரும்பை எடுத்துக்கொள்ள உதவும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பாடசாலையில் வந்து பார்ப்பது வழக்கம். தம்பியின் முறை தரம் 7இல் வரும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முகம் வெளுத்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது, வகுப்பில் தூங்குகிறான் என்றால் தோட்டத்து மருந்துக்காம்பராவில் ஒரு பனடோலோடு அனுப்பிவிடாமல் அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

பாடசாலையில் பேசுவதற்கு வருகிறேன். அம்மா அதிபர் அறைக்கு முன்னால் அரை நாள் காத்து நின்று அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழக்க வேண்டாம். வகுப்பாசிரியர் போதும். அவருக்கு ஒரு சின்னக் கடிதம். உதவி தாருங்கள் என்று தொடங்க வேண்டாம், அப்படித் தொடங்கும் கடிதத்தை நேரே கோப்பில் போடுவோம், என் கையும் அப்படித்தான் பழகியிருந்தது. "என் மகன் தரம் 6இல் உங்கள் வகுப்பில் படிக்கிறான். கொடுத்து அனுப்பும் சாப்பாட்டை இடைவேளையில் சாப்பிடாமல் கொண்டுவருகிறான். யாரோடு உட்காருகிறான் என்று ஒரு கிழமை கவனித்துச் சொல்ல முடியுமா? பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு ஒழுங்கு ஏதும் இருந்தால் அவன் பெயரை மற்றப் பிள்ளைகள் முன்னால் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான். முதல் பாதிக்கு எந்த ஆசிரியரும் இல்லை என்று சொல்லமாட்டார், ஏனென்றால் அதற்குக் காசு தேவையில்லை. ஒரு நல்ல ஆசிரியர் அந்த வாரமே தம்பியை இன்னொரு தோட்டத்துப் பையனுக்குப் பக்கத்தில் இருத்திவிடுவார். அதோடே பாதிப் பெட்டி காலியாகும் என்று என் அனுபவம் சொல்கிறது.

கடிதத்தை நீங்களே எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். அம்மாவோ பக்கத்து வீட்டில் யாராவதோ அதைப் பார்த்து எழுதி, அம்மா கையெழுத்துப் போடட்டும். தம்பியை எழுத வைக்க வேண்டாம், அவன் கையில் கொடுத்தும் அனுப்ப வேண்டாம்.